கூட ஓடியவன்

பிப்ரவரி 4, 1894, ஞாயிறு

இன்றைய ஓட்டத்திலும் காஸ்பார்தான் முதல். நான் இரண்டாவது. மெதோன் காட்டில் சேறு முழங்கால் வரை.

மற்றவர்கள் உணவகத்துக்குள் சூப் குடித்துக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் வாசலில் கால் கழுவினோம். ஒரு ராட்டினக்காரன் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தான். "அட, சிவப்புக் குல்லா! அமியேன் சந்தையில உன்னை நம்பி நான் போட்டிருந்த கோட்டையே கழட்டிப் பந்தயம் கட்டினேனே, மறந்துட்டியா?"

"ஆள் மாறிப் போச்சுண்ணே," என்றான் காஸ்பார். கழுவிய காலையே மறுபடி கழுவினான்.

பிப்ரவரி 7

காஸ்பாரிடம் அதைப் பற்றிக் கேட்காமல் இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கிறதா?

"ஆமாடா, சந்தைகள்ல காசுக்கு ஓடினேன்," என்றான்.

"ஏண்டா என்கிட்ட சொன்னே?"

"நீதானே கேட்டே."

ஓட்டச் சங்கங்களின் ஒன்றியம் போட்ட விதி எங்கள் சங்கத்துச் சுவரிலேயே தொங்குகிறது. காசுக்கு ஓடியவனுக்கு இங்கே இடமில்லை. அது தெரிந்தும் அவனோடு ஓடியவனுக்கும் இல்லை, ஆயுள் முழுக்க. தெரியாமல் ஓடினால் குற்றமில்லை. நேற்றுவரை எனக்குத் தெரியாது. இப்போது அம்மை மாதிரி ஒட்டிக்கொண்டது.

வாரம் முழுக்கத் துணிக்கடையில் சீமாட்டிகளுக்குக் குனிகிறேன். ஞாயிறு மட்டும்தான் நான் மனுஷன். அதையும் பிடுங்கிவிட்டால்?

பிப்ரவரி 9

தூக்கமில்லை.

பிப்ரவரி 10

எங்கள் அணித்தலைவர் முசியே வோக்லன் கடைக்கே வந்துவிட்டார். "நாளைக்குக் கோப்பை நம்மளுது லூசியன். காஸ்பாரும் நீயும் முன்னாடி ஓடினா போதும்." துணியைக் கோணலாக வெட்டிவிட்டேன்.

"என்னப்பா, காய்ச்சலா?"

இல்லை என்றேன். ஆமாம் என்றிருக்க வேண்டும். முட்டாள்.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஓடாமல் தப்பிக்க, போட்டிக்கு நொண்டிக்கொண்டே போனேன். நடிப்புதான். எந்தக் கால் என்று நடுவில் எனக்கே மறந்துவிட்டது.

"கட்டுப் போட்டுக்கிட்டாவது ஓடுப்பா, உன்னை விட்டா ஆள் ஏது," என்றார் வோக்லன். காஸ்பார் என் காலைப் பார்த்தான், பிறகு முகத்தை. புரிந்துவிட்டது அவனுக்கு.

"அவன் ஓடட்டும் முசியே. நான்தான் ஓடக் கூடாது. சந்தையில காசுக்கு ஓடினவன் நான்."

வோக்லன் வெளுத்துப் போனார். ஒவ்வொருவராகக் கேட்டார்: உனக்குத் தெரியுமா? உனக்கு?

என் முறை வந்தது. தெரியாது என்றேன்.

"யாருக்கும் தெரியாது முசியே. தெரிஞ்சா நிக்க விட்டிருப்பாங்களா?" காஸ்பார் என் பக்கம் திரும்பவே இல்லை. அந்தக் குளிரில் சங்கச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் போனான்.

நான் ஓடினேன். காலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. முதலாவதாக வந்தேன்.

பிப்ரவரி 13

பதக்கத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அலமாரியில் காலுறைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 22

எந்தெந்தச் சந்தையில் ஓடினான் என்று ஒன்றியம் ஆள் விட்டு விசாரிக்கிறதாம். அந்த ராட்டினக்காரன் வாய் திறந்தால்? 'பக்கத்துல இன்னொருத்தனும் கால் கழுவிட்டு இருந்தானே' என்று ஒரு வார்த்தை போதும். தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் சன்னலுக்கு ஓடுகிறேன். அந்த ராட்டினக்காரன் செத்துப்போகட்டும் என்றுகூட நினைத்தேன். சீ, என்ன ஆள் நான்!

மார்ச் 15

காஸ்பாருக்கு ஆயுள் தடை. மற்றவர்கள் மீது குற்றமில்லை. தப்பித்தேன். பயம் மட்டும் ஏன் போகவில்லை?

மார்ச் 18

பயிற்சி. முன்னால் யார் முதுகும் இல்லை. பாதை தவறி ஒரு கோழிப்பண்ணைக்குள் போய்விட்டேன்.

ஏப்ரல் 1, ஞாயிறு

சேன் தெனி சந்தைக்குப் போனேன். காசுப் பந்தயத்தின் தொடக்கக் கோட்டில் சிவப்புக் குல்லாவோடு காஸ்பார்.

"என்ன பதக்கக்காரரே, வேடிக்கை பாக்க வந்தீங்களா?"

"தெரியாதுன்னு சொல்லிட்டேன்டா."

"காது கேட்டுது. நானும் அங்கதானே நின்னேன்." பிறகு ஒரு ஆள் நிற்கிற அளவுக்குக் கோட்டில் இடம் விட்டுத் தள்ளி நின்றான்.

கூட்டத்தின் பின்னால் ஒரு உயரத் தொப்பி தெரிந்தது. வோக்லனா? சரியாகப் பார்க்கத் தைரியமில்லை. என் கோட்டைக் கழற்றி, கூட்டத்தில் நின்ற அந்த ராட்டினக்காரன் கையிலேயே கொடுத்தேன். "பந்தயம் கட்டிடாதீங்கண்ணே."

இரண்டாவதாக வந்தேன்.