தேரைக்கு ஒரு சட்டைப்பை

17 நவம்பர் 1958, திங்கள்

மழை. எங்கள் காஜா பெராங் வட்டாரம் முழுவதும் கடலுக்குள் போய்விட்டது. என் இடது செருப்பு இந்நேரம் சுமாத்திராவில் கரையேறியிருக்கும். கடைக்குப் போகவில்லை.

மாலை, பின்பக்க வாய்க்கால் ஓரம் தேரை வேட்டை. மூன்று அகப்பட்டன. ஒவ்வொன்றும் ஆட்டுக்குட்டி அளவு. (சரி, எலி அளவு.) கேட்டது அக்கா மகள் சரோஜா. இனி ச., மை மிச்சம். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதுகிறாள். எழுத்துத் தாள்கள் முடிந்துவிட்டன. கடைசியாக உயிரியல் செய்முறை, அடுத்த வாரம் வியாழன். தேரையை அறுத்து, கேட்ட உறுப்பைக் காட்டவேண்டும். பள்ளியில் பழக ஆளுக்கு ஒரே தேரைதானாம்.

தொட்டியில் விட்டுப் பலகையால் மூடினேன். அக்கா வந்து திறந்தாள்.

“என்னடா தம்பி இது?”

“சிங்கப்பூர் யூனிவர்சிட்டிக்கு டிக்கெட், அக்கா. மூணு.”

“அறுக்கப் போறீங்களா? இந்த வீட்டுலயா?”

அப்போதுதான் உண்மை வெளியே வந்தது. ஒரு மாதத்திற்கு முன்பே துக்காங் எமாஸ் தெருக் கோயில் பிள்ளையாரிடம் நேர்ந்துகொண்டாளாம். ச. பரீட்சை முடியும்வரை இந்த வீட்டில் ஓர் உயிர் போகக்கூடாது. மீன் இல்லை, கோழி இல்லை, கொசுவைக்கூட அடிப்பதில்லை. முப்பது நாளாகச் சாம்பார் ஏன் என்று இன்று விளங்கியது.

பிள்ளை பாஸாகவேண்டும் என்று வேண்டுதல். எதை அறுத்தால் பாஸாவாளோ அதை அறுக்கக்கூடாது. உலகத்து நீதிபதிகள் எல்லாரும் ஆயிரம் வருடம் உட்கார்ந்தாலும் தீராத வழக்கு.

18, செவ்வாய்

மழை விட்டது. வக்கீலானேன். என் வாதங்கள்:

1. வாய்க்கால் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. அக்கா: “தினம் யாரு கூட்டுறா? நான்தானே. அப்ப அதுவும் என் வீடுதான்.”

2. மருந்து வைத்தால் தேரைக்கு வலியே தெரியாது. பார்வையாலேயே தள்ளுபடி செய்தாள்.

3. தொட்டித் தேரைகள் கொசு தின்கின்றனவே, அந்தப் பாவம் யாருக்கு? அக்கா கொஞ்சம் தடுமாறினாள். “அது அதுங்க சாப்பாடு. நீ ஒன் சாப்பாட்டப் பாரு.”

தோல்வி. மூன்று தேரைகளும் இன்றுமுதல் வீட்டு விருந்தாளிகள். அவற்றுக்காவது அசைவம்.

ச. அழவில்லை. அதுதான் எனக்குப் பயம். “பரவால்ல மாமா. ஸ்கூல்ல ஒரு தடவ செஞ்சேன்ல.” அந்த ஒரு தடவையில் பூஜ்யம் என்பது எனக்கு எப்படியோ தெரியும்.

19, புதன்

வெயில். ஜாலான் பெண்டஹாரா கடைத்தெரு முழுக்க ஈரத்துணி வாடை. பள்ளி விட்டு ச. கடைக்கு வந்தாள். கடை என்றால் ஜவுளிக்கடை வாசலில் ஒரு தையல் மிஷின், ஒரு மேசை, நான். பேரரசு அவ்வளவுதான்.

பூஜ்யம் ஏன் என்று கேட்டேன். “இடது பக்கத்து ரத்தக் குழாயக் காட்டுன்னாங்க. அழகா காட்டினேன் மாமா, ஒரு நரம்புகூட அறுபடல. ஆனா வலது பக்கத்த.”

தேரை மல்லாந்து கிடக்கும். அதன் இடது இவள் வலது கைப்பக்கம் இருக்கும். புத்தகத்தில் கேட்டால் சரியாகச் சொல்கிறாள். கத்தி கைக்கு வந்தால் தன் இடதுக்கே போய்விடுகிறாள். பரீட்சையிலும் இப்படிச் செய்தால் மற்றத் தாள்கள் எல்லாம் வீண் என்று டீச்சர் சொல்லிவிட்டாராம். அத்தான் வேறு பரீட்சை ஒரே ஒரு முறைதான் என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். தவறினால் டைப்ரைட்டிங் வகுப்பு. மனிதருக்கு டைப்ரைட்டிங் மேல் அப்படி ஒரு பக்தி.

“எட்டு நாள்ல எந்தத் தேரைய வச்சு மாமா பழகறது?”

என் மேசையில் தைத்து முடித்த சட்டைகள் மல்லாந்து கிடந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

21, வெள்ளி

இரண்டு நாளாக வாடிக்கையாளர் யாருக்கும் ஒன்றும் தைக்கவில்லை. ஒரு தேரை தைத்தேன். மயன் கட்டிய மாளிகைகளில் இவ்வளவு வேலைப்பாடு இருந்திருக்காது.

தோல்: பச்சை வெல்வெட், யாரோ ஒரு சீமாட்டியின் ரவிக்கை மிச்சம்
ஈரல்: பழுப்புக் கோட்டுத் துணி
நுரையீரல்: ரோஸ் ஜார்ஜெட், இரண்டு
குடல்: என் பழைய அளவு நாடா
தமனிக்குச் சிவப்பு நூல், சிரைக்கு நீலம்
இதயம்: மெரூன் சாட்டின், நான்கு அறை

எல்லாம் ச. புத்தகத்துப் படத்தைப் பார்த்து. இதயம் மட்டும் என் தாராளம். ச. அதைப் பிரித்துப் பார்த்தாள்.

“மாமா, தேரைக்கு மூணு அறைதான். மேல ரெண்டு, கீழ ஒண்ணு. நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் கீழ வந்து கலந்துக்கும்.”

“பாவம். ஒரு ரூம் கூட இருந்துட்டுப் போகட்டுமே.”

“நாலு அறை இருந்தா அது கோழி மாதிரி ஆயிடும் மாமா. அம்மா கோழி வேணாம்னுட்டாங்க.”

ஒரு சுவரை இடித்தேன்.

பிறகு தேரையை மல்லாத்தினாள். மார்பில் சின்னதாக ஒரு சட்டைப்பை. சிரிப்பு, இருமல், மறுபடி சிரிப்பு. சிரித்து முடித்தபோதுதான் பார்த்தாள், பை தன் வலது கைப்பக்கம் இருப்பதை.

“பை, சட்டை போடுறவன் நெஞ்சுக்கு இடது பக்கம்,” என்றேன். “மேசையில படுக்கப்போட்டா தைக்கிறவனுக்கு வலது. முப்பது வருஷமா என் கை அதுலயே போய் நிக்குது. எனக்குத் தெரிஞ்ச உயிரியல் அவ்ளோதான்.”

பையில் ஒரு விரல் வைத்தாள். மறுகையைத் தன் நெஞ்சில் வைத்தாள்.

“இத ஏன் மாமா முன்னாடியே சொல்லல?”

“தேரை சட்டை போடும்னு எனக்கும் இன்னிக்குத்தான் தெரியும்.”

24, திங்கள்

தேரைக்கு இதுவரை பதினேழு ஆபரேஷன். ஒவ்வொரு முறையும் வயிற்றைத் தைப்பது நான். மலாயாவில் எந்த நோயாளிக்கும் இவ்வளவு கவனிப்பு கிடைத்ததில்லை.

அக்கா எட்டிப் பார்த்தாள். “இதுக்கு உசுரு இல்லையே?”

“இன்னும் ரெண்டு தையல் போட்டா வந்துடும்.”

முறைத்தாள். ஆனால் அறுந்த சிவப்பு நூலை அவளே முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள்.

ச. உத்தரவு: பையைப் பிரிக்கவேண்டும். பரீட்சைத் தேரைக்குப் பை இருக்காதாம். பிரித்தேன். பை இல்லாமல் ஐந்து முறை. நான்கு சரி. ஒன்று தப்பு. மறுபடி வயிற்றைத் தைத்தேன்.

26, புதன்

ஆறு முறை. ஐந்து சரி. தப்பானது கடைசி முறை. சோறு இறங்கவில்லை, எனக்கு. அவள் இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

27, வியாழன்

காலை மேகம், மழையில்லை. ஏழு மணிக்கே ச. கிளம்பினாள். அக்கா திருநீறு பூசினாள். கத்தரிக்கோலுக்கும் கொஞ்சம்.

கடை. ஒரு சட்டை தைத்தேன். முடித்து விரித்துப் பார்த்தால் பை வலது பக்கம். முப்பது வருடத்தில் முதல் தடவை. பிரிக்கவும் கை வரவில்லை, உட்கார்ந்திருந்தேன். சூரியன் ஒரே இடத்தில் நான்கு நாள் நின்றது.

மூன்று மணிக்கு ச. வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து என் தேத்தண்ணியை எடுத்துக் குடித்தாள்.

“பொட்டத் தேரை மாமா. தெறந்தா உள்ள முழுக்க முட்ட. கறுப்பு ஜவ்வரிசி கணக்கா. ஒண்ணும் தெரியல. துணித் தேரையில இது இல்லையே.”

என் தப்பு. முட்டை தைக்கத் தோன்றவில்லை.

“கேள்வி?”

“இடது பக்கம்தான். முட்டையெல்லாம் மெதுவா எடுத்து ஓரமா வச்சேன். கத்தியக் கீழ வச்சேன். அப்புறம் பை எங்கன்னு பாத்தேன்.”

“எங்க இருந்துச்சு?”

என் பழுப்புக் காகிதத்தை இழுத்து, சாக்கட்டியால் தேரையை வரைந்தாள். மூன்று அறை இதயம். மேலே கிளம்பும் குழாய்கள், மூன்று வளைவு. அறுத்துக் காட்டிய பக்கத்தில் ஒரு கோடு. காகிதத்தை எடுத்து, படம் வெளியே தெரிய என் நெஞ்சோடு வைத்து, தேரை போலவே பார்த்தேன். கோடு என் இடது பக்கம். ஐந்து முறை வைத்துப் பார்த்தேன். ஐந்து முறையும் இடதுதான்.

என் கால் ஏழு நாளாகத் தரையில் இல்லை என்பது, அது தரையில் இறங்கியபோதுதான் தெரிந்தது.

வீடு. ச. தேரைகளைத் தொட்டியோடு தூக்கிப்போய் வாய்க்காலில் விட்டாள். இரண்டு போயின. ஒன்று திரும்பி வந்து தொட்டிக்கடியில். சாப்பாடு பழகிவிட்டது போல.

அக்கா வாசலில். “எல்லாம் முடிஞ்சதா?”

“முடிஞ்சதும்மா. நல்லா செஞ்சேன்.”

“இனி ஒண்ணும் பாக்கி இல்லையே?”

“இல்லம்மா.”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளையார் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு நேராக என்னிடம் வந்து முதுகில் ஓங்கி ஓர் அறை. நாற்பது நாளில் இந்த வீட்டில் செத்த முதல் கொசு.