பிள்ளையின் இரத்தத்தில் ஈயம்

1987 ஜனவரி 18

சுபோ இன்றும் என் கையால் சாப்பிடவில்லை. முகத்தைத் திருப்புகிறாள். இவர் வேலையால் வந்து கதிரையில் இருந்ததுதான் தாமதம், ஓடிப்போய் மடியில் ஏறி வாயைத் திறந்தாள். தகப்பன் குழைத்துத் தீத்தும் ஐந்தாறு உருண்டைச் சோறுதான் அவளுடைய சாப்பாடு. பக்டரியில் குளித்துவிட்டு வந்தால் பஸ் போய்விடும், பிள்ளை பசியோடு இருப்பாள் என்று வேலை உடுப்போடேயே ஓடி வருகிறார். பைப்பில் கையை ஒருக்கால் பிடித்துவிட்டு இருந்துவிடுவார். பார்க்க எனக்குச் சந்தோஷம்தான். பொறாமையும்தான்.

கீழே யாரோ இந்த வெள்ளைக்கார நாட்டுக் குளிருக்குள் காரை ஸ்ரார்ட் பண்ணினார்கள். பிடித்துக்கொண்டது. ஜன்னலடியில் நின்று, "உந்தக் கார்ப் பற்றறியளுக்குள்ள இருக்கிறது நாங்கள் உருக்கின ஈயமப்பா" என்றார். மட்டக்களப்பில் வங்கி மனேஜராக இருந்த மனிதன். அங்கேதான் என்னைக் கட்டினார்.

ஜனவரி 30

சுபோவுக்கு வயிற்றுவலி. முகம் வெளிறிப் போய்க் கிடக்கிறாள். டொக்டர் இரத்தம் எடுத்தார்.

பெப்ரவரி 9

இரும்புச்சத்து குறைவாம். ஈயம் கூடவாம். இருக்க வேண்டியது இல்லை, இருக்கக் கூடாதது இருக்கிறது. இப்படியே போனால் பேச்சுப் பிந்தும், படிப்பு ஏறாது என்று டொக்டர் சொன்னார். இரண்டு வயதாகிறது. "அப்பா", "தா" — இதற்குமேல் இன்னும் ஒன்றும் வரவில்லை.

"உங்கட பக்டரி ஈயமோ?" என்று கேட்டேன்.

"பிள்ளை எப்ப பக்டரிக்கு வந்தவள்? நான் நாள் முழுக்க உதுக்குள்ள நிக்கிறன், எனக்கு ஒண்டுமில்லையே" என்றார்.

அதுவும் சரிதானே என்று விட்டுவிட்டேன்.

பெப்ரவரி 14

சுகாதாரப் பகுதி நர்ஸ் வீட்டுக்கு வந்தாள். ஜன்னல் பெயின்ரைச் சுரண்டிப் பார்த்தாள், தண்ணீர் பிடித்தாள். பிறகு என்னுடைய சாமான்கள். பித்தளைச் செம்பு, குத்துவிளக்கு, பிள்ளையின் வெள்ளி அரைஞாண், கழுத்தில் கிடக்கும் பஞ்சாயுதம். கடைசியாகக் கண்மை. உங்கள் நாடுகளில் மையில் ஈயம் சேர்ப்பார்களே என்றாள். இது விளக்குப் புகையும் ஆமணக்கெண்ணெயும் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். தலையை ஆட்டினாள். எல்லாவற்றையும் நிறுத்திப் பார்க்கச் சொன்னாள்.

இவருடைய வேலையையும் கேட்டாள். "ஒரு கடை ஸ்ரோரில்" என்றார். பக்டரியில் கூலி வேலை என்று வெள்ளைக்காரிக்குச் சொல்ல வெட்கம் போலும். பாவமாக இருந்தது.

பெப்ரவரி 22

மார்க்கம் நகரிலிருந்து யோகமலர் மச்சாள் வந்தா. இவரின் அக்கா. அத்தான், அவவின் புருஷன்தான் இவருக்கு இந்த வேலையை எடுத்துக் கொடுத்தவர். அதனால் இந்த வீட்டில் அவ இருக்கும்போது நாங்கள் நிற்போம்.

"புருஷனைப் பாயோட ஒட்டவைக்கிற வித்தை உங்கட ஊராருக்குத் தெரியும். பிள்ளை வளக்கத் தெரியாதோ?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டா. யாழ்ப்பாணத்தார் மட்டக்களப்பாரைப் பற்றிச் சொல்லும் பழைய நக்கல். நக்கலாகக்கூடச் சொல்லவில்லை.

பஞ்சாயுதத்தைக் கழற்றினா. ஐந்து ஆயுதம் பொறித்த தங்கப் பதக்கம், கண்ணூறு படாமல் இருக்க என் அம்மா தன் காப்பை அழித்துச் செய்வித்து அனுப்பியது. "பிள்ளை உதைத்தான் சூப்புது. உங்கட ஊர் நகைப் பத்தர் என்னத்தைக் கலந்தானோ. இஞ்ச ஒரு பத்தர் இருக்கிறார், காட்டிப் பாக்கிறன்" என்று கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனா.

இவர் குசினிக்குள் போனார். கத்தரிக்கோல் எடுத்துவந்து அரைஞாணை வெட்டிக் குப்பைக்குள் போட்டார். விளக்கையும் செம்பையும் நானே கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

மார்ச் 5

மை இல்லாத கண். சீக்காளிப் பிள்ளை மாதிரி இருக்கிறாள். சீக்காளிதானே.

மே 3

இரண்டாம் முறை இரத்தம் எடுத்தார்கள். ஈயம் முன்னையதைவிடக் கூடியிருக்கிறது.

செம்பு இல்லை, மை இல்லை, தங்கம் இல்லை, வெள்ளி இல்லை. வீட்டில் இனி எறிவதற்கு நான்தான் மிச்சம்.

மே 17

வீரக்குட்டி அண்ணன் சுபோவைப் பார்க்க வந்தார். எங்கள் ஊர் ஆள், இவரோடு அதே பக்டரி. இவர் பால் வாங்கக் கடைக்குப் போயிருந்தார்.

"மூணு மாசத்துக்கு ஒருக்கா எங்கட ரத்தம் எடுக்கிறானுகள் புள்ள. எனக்கு ஈயம் கூடிட்டெண்டு வெளிய கூட்டுற வேலைக்கு மாத்திட்டானுகள். உங்கட மனுசன் ரத்தினவேலுக்கும் கூடிக்கிட்டுத்தான் போகுது. குளிச்சி உடுப்பு மாத்திப்போட்டுத்தான் வீட்ட போகணும், தூசி புள்ளைகளுக்குக் கூடாதெண்டு பக்டரி நர்ஸ் எல்லாருக்கும் செல்லித்தான் விட்டவள். ஏன் புள்ள, அவர் செல்லல்லையா?"

ரீக் கோப்பையை அவர் முன்னால் வைத்தேன்.

இவர் வந்ததும் கேட்டேன். பால் போத்தலைக் கீழே வைக்காமலே நின்றார். "எனக்குத்தானே எண்டு நினைச்சன். உடுப்பிலயும் கையிலயும் வருமெண்டு ஆர் கண்டது?"

"ரெண்டாந்தரம் கூடினபோதும் தெரியல்லையா?"

பால் போத்தலை மேசையில் வைத்தார். பிறகு, "சொன்னா வேலை போயிடும். அத்தானுக்கு என்னெண்டு முகம் குடுக்கிறது?"

அத்தானுக்கு முகம் கொடுக்க வேண்டும். எனக்கு வேண்டாம். எண்ட புள்ளைக்கு நானே நஞ்சு வைச்சவள் மாதிரி அந்த மனிசி நிண்டு ஏசக்குள்ள பாத்துக்கிட்டு நிண்டவர். கத்தரிக்கோல் எடுத்தவர். தெரிஞ்சே எடுத்தவரா? ஓம் எண்டுதான் நினைக்கன். பாசமாத் தீத்தினாராம் — ஒவ்வொரு உருண்டையிலயும் ஈயம். நானும் பக்கத்தில நிண்டு சிரிச்சிக்கிட்டு...

மே 18

சுகாதாரப் பகுதி நர்ஸுக்கு நானே ஃபோன் எடுத்து இவரின் வேலையைச் சொன்னேன். இவர் பக்கத்தில் நின்றார். தடுக்கவில்லை.

ஜூலை 2

இவர் வேலையை விட்டுவிட்டார். இப்போது ஒரு பேக்கரியில். ஈயத் தூசி பிடித்த கார்ப்பெற்றும் சோபாவும் குப்பைக்குப் போய்விட்டன. வேலையை விட்டது முதுகு நோவால் என்று அத்தானிடம் சொல்லியிருக்கிறார். மார்க்கத்தில் இன்னும் என் மைதான் குற்றவாளி.

சுபோ வாயைத் திறந்துகொண்டு மடியில் ஏறுகிறாள். இவர் கரண்டியால் தீத்துகிறார். அவள் கரண்டியைத் தட்டிவிட்டு இவர் விரலைப் பிடித்து இழுக்கிறாள். நான் கரண்டியைக் கழுவிக் கழுவிக் கொடுக்கிறேன்.

1988 மார்ச் 21

ஈயம் நன்றாக இறங்கிவிட்டது. பேச்சு? சின்னச் சின்னச் சொற்கள்தான். பொறுத்துப் பார்க்க வேண்டும் என்றார் டொக்டர். வேறென்ன செய்வது?

ஜூலை 10

மச்சாளின் மகனுக்குப் பிறந்தநாள். போக மனமில்லை, போனேன். சனம் நிறைய. யாரோ சுபோவைத் தூக்கி, பிள்ளை தேறிவிட்டாள் என்றார்கள். மச்சாள் உடனே தொடங்கினா. "மையும் பித்தளையும் நிப்பாட்டின பிறகுதான் தேறினவள். நான் அண்டைக்கே சொன்னனான்." எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இவர் தன் தட்டைப் பார்த்தார்.

சுபோ இவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். இவர் மறந்துபோய்ச் சோற்றைக் குழைத்து உருட்டிவிட்டார். பிறகுதான் நினைவு வந்தது. "கை கழுவினதுதானே" என்று மெதுவாக என்னிடம் கேட்டார். கழுவினதுதான். ஈயம் உருக்கி ஒரு வருஷமும் கடந்துவிட்டது. தெரியும். ஆனாலும் எழும்பிப் போய்க் கரண்டியை எடுத்து வந்து அவர் தட்டில் வைத்தேன்.

"ஏன், தகப்பன் கையால தீத்தினா என்ன?" என்றா மச்சாள்.

"உங்கட தம்பியிட்டயே கேளுங்க" என்றேன்.

இவர் உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டுக் கரண்டியை எடுத்தார்.

ஜூலை 12

நேற்றுப் பின்னேரம் இவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் ஃபோனில் இருந்தார். "அக்கா" என்று தொடங்கியது மட்டும் கேட்டது, மிச்சத்துக்கு நான் காது கொடுக்கவில்லை.

இன்று காலை மச்சாள் ஃபோன் எடுத்தா. பஞ்சாயுதத்தை வந்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னா. "பத்தரிட்டக் காட்டேல்லை. அலுமாரிக்குள்ளதான் கிடந்தது" என்றா. மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை. நானும் பொறுத்திருந்து பார்க்கவில்லை, ஃபோனை வைத்துவிட்டேன்.

கட்டிலுக்கடியில் கிடந்த குத்துவிளக்கை இழுத்தெடுத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். திரி கொளுத்தி, செப்புத் தட்டில் புகை பிடித்து, ஆமணக்கெண்ணெய் விட்டுக் குழைத்துச் சுபோவின் இரண்டு கண்ணுக்கும் மை வைத்தேன். தடிப்பாகவே வைத்தேன். அரைஞாண்தான் இல்லை. அதை வெட்டி எறிந்தவர் குசினிக்குள் நின்று பிள்ளையின் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.