நழுவாத கைப்பிடி

மார்ச் 4

அன்புத் தங்கச்சிக்கு,

ஆஸ்பத்திரியில் நீ கைக்குப் பயிற்சி தந்தபோது "நீங்க" என்றேன். கடிதத்தில் "நீ" என்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. எழுத்து கோழிக் கிறுக்கலாக இருந்தால் இடது கையைத் திட்டு.

வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் இன்னும் தினமும் என் வலது கைமேல் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. சத்தம் கேட்கிறது, மூன்று விரலும் தகட்டோடு போகின்றன. வேகமாக ஓடட்டும் என்று பாதுகாப்புக் கம்பியைக் கழற்றியவன் சூப்பர்வைசர். என்னை வண்டியில் ஏற்றும்போதே ரத்தத்தைக் கழுவிவிட்டு அடுத்த ஆளை உட்காரவைத்தானாம். நினைத்தாலே கொதிக்கிறது.

உன் அண்ணிதான் எனக்கு எல்லாவற்றையும் வெட்டித் தருகிறாள், சின்னப் பிள்ளைக்குத் தருவதுபோல. முதல் நாள் நீ கேட்டாயே, "எந்த வேலை திரும்ப வேணும்?" என்று. இப்போது சொல்கிறேன். வெங்காயம் வெட்டவேண்டும், என் கையால்.

அரைக்கை அண்ணன்


மார்ச் 15

அன்பு அண்ணாவுக்கு,

அந்தப் பட்டப்பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. கூட வரும் பொட்டலத்தில் ஒரு கத்தி இருக்கிறது. பிடியில் தடித்த ஸ்பாஞ்சு சுற்றி, உங்கள் உள்ளங்கை அளவுக்குச் செதுக்கியிருக்கிறேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம், உங்களுக்கு ஸ்பாஞ்சு.

வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்றால் அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்குகிறவள் என்று யாருக்கும் புரிவதில்லை, "மசாஜ் பண்ற பொண்ணு" என்கிறார்கள். நேற்று, தலையில் அடிபட்ட ஒருவருக்குச் சட்டை போடப் பழக்கும்போது என் கன்னத்தில் ஓர் அறை விட்டார். பல் குத்தி உதடு கிழிந்துவிட்டது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது பட்டனைக் காட்டினேன்.

எங்கள் பிரிவின் தலைவிக்கு நாங்கள் வைத்த பெயர் பெரியம்மா. "ஆறு மாசம் தாங்கு. ஒருத்தரையாவது முழுசா நிமித்திக் காட்டு. அப்புறம்தான் நிரந்தரம்" என்கிறார். அந்த ஒருத்தர் நீங்கள்தான். மானத்தைக் காப்பாற்றுங்கள்.

தங்கச்சி


ஏப்ரல் 20

தங்கச்சி,

கைமேல் பலன்! நான்கு வெங்காயம். உன் அண்ணி அழுதாள். வெங்காயத்தால்தான் என்று சாதிக்கிறாள்.

கம்பெனியில் விசாரணை முடிந்தது. நான் குடித்துவிட்டுக் கையை விட்டேன் என்று சூப்பர்வைசர் சொன்னதையே ஏற்றுக்கொண்டார்கள். காபிகூடக் குடிக்காதவன் நான். வெளியே வரும்போது தோளைத் தட்டி, "இன்னொரு கை இருக்குல்ல?" என்று சிரித்தான். வீட்டுக்கு வந்து கதவில் முட்டி மண்டையை உடைத்துக்கொண்டேன்.

ஒரு சின்னக் குறை. ஈரமானால் பிடி வழுக்குகிறது. கோழியைக் கழுவி வெட்டும்போது கஷ்டம். நழுவாத மாதிரி செய்து தா. மணிக்கட்டில் மாட்ட ஒரு பட்டையும் வேண்டும்.

அண்ணன்


மே 6

அண்ணா,

மண்டையை உடைத்துக்கொண்டால் அதற்குத் தையல் போட நான் வரமாட்டேன். விசாரணையை நினைத்தால் எனக்கும் வயிறு எரிகிறது.

பிடிமேல் ரப்பர் ஒட்டி, பட்டையும் தைத்திருக்கிறேன். இனி எண்ணெய்க் கையானாலும் நழுவாது.

வேலை நிரந்தரமாகிவிட்டது, ஒரு மாதம் முன்னதாகவே! போன வாரம் நீங்கள் வந்து வெட்டிக் காட்டினீர்களே, அந்த அறிக்கையைப் பெரியம்மா எல்லோர் முன்னும் வாசித்தார். கடைசி வரி: "வலது கையால் கத்தியை உறுதியாகப் பிடித்து, யார் உதவியுமின்றி வெட்டுகிறார்." கீழே என் கையெழுத்து. அம்மாவிடம் சொல்வதற்கு முன் உங்களுக்கு எழுதுகிறேன்.

தங்கச்சி


ஜூன் 2, சிறை

தங்கச்சி,

உன் அண்ணியிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

ஆமாம், நான்தான். ஷிப்ட் முடிந்து சூப்பர்வைசர் கை கழுவிக்கொண்டிருந்தான். வேறு யாருமில்லை. தோளால் சுவரோடு அழுத்தினேன். தொட்டி விளிம்பைப் பிடித்திருந்த அவன் கைமேல் வெட்டினேன், மூன்று முறை. ஒரே தண்ணீரும் ரத்தமும். கத்தி நழுவவே இல்லை. கழுத்தை நான் தொடவில்லை; எனக்கு வேண்டியது கைதான்.

கத்தி ஆற்றோடு போய்விட்டது. அவன் பேச்சைத் தவிர சாட்சி இல்லை; வலது கையால் வெட்டினேன் என்கிறான். "கை ஆகாதவன் எப்படிய்யா வெட்டுவான்?" என்று கேட்கப்போகிறார் என் வக்கீல். உன்னைக் கூப்பிடுவார்கள். "முடியாது" என்று ஒரே ஒரு வார்த்தை சொல். உன் காலில் விழுகிறேன்.

அண்ணன்


ஆகஸ்ட் 19

அண்ணா,

உங்கள் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். என் அறிக்கையை எப்படிக் கிழிப்பது? "முடியும்" என்று கோர்ட்டில் சொன்னபோது நீங்கள் தலை நிமிரவில்லை. உங்கள் வக்கீல் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அதையேதான் சொன்னேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. சூப்பர்வைசரை ஜூலையிலேயே என் மேசைக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு விரல்தான் மிச்சம். முகத்தில் காறித் துப்பவேண்டும்போல் இருந்தது, உங்களுக்காக. ஆனால் எல்லோரிடமும் கேட்பதையே கேட்டேன். "சட்டை பட்டன் போடணும்" என்றார். அழவில்லை, கம்பியைக் கழற்றியதற்கு வருந்தவும் இல்லை. அவர் ஒன்றும் நல்லவராகிவிடவில்லை. அவருக்கும் அதே ஸ்பாஞ்சைத்தான் வெட்டுகிறேன்.

என் கோபமெல்லாம் உங்கள்மேல்தான். கோழி என்றீர்கள், நம்பி ரப்பர் ஒட்டினேன். அந்தத் தொட்டிக்கு என் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனீர்களே! இப்போது யார் என்ன வேண்டும் என்று சொன்னாலும் அவர்கள் கண்ணையே பார்க்கிறேன். அந்த முதல் கேள்வியை என்னிடமிருந்து பிடுங்கிவிட்டீர்கள்.

காலையும் மாலையும் பத்துத் தடவை விரல்களை மடக்கி நீட்டுங்கள். விட்டால் இறுகிவிடும். எனக்கு எழுதவேண்டாம், அண்ணிக்கு எழுதுங்கள். அதற்கென்று ஒரு கைப்பிடி செய்து அனுப்பியிருக்கிறேன். சிறையில் கேட்டு அனுமதி வாங்கிவிட்டேன். அதன் துளையில் பேனாவைத் தவிர வேறெதுவும் நுழையாது. அளந்து பார்த்துத்தான் செய்தேன்.

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்