கழற்றிக் கட்டிய சீட்டுகள்

மாசி 9, திங்கள்.

அக்கா மகள் கோகிலா கல்லூரியில் புது ஸ்ட்ராபெர்ரி ரகம் உருவாக்குகிறாள். ஓமலூர் வெயிலைத் தாங்குமா என்று பார்க்க நாற்பது தொட்டிகளை என் தோட்டத்தில் வைத்திருக்கிறாள். ஒவ்வொன்றிலும் தாய்ச்செடி, தகப்பன்செடி பெயர் எழுதிய சீட்டு. அடியில் அவள் பெயர்.

இன்று வாழப்பாடி விவசாயிகள் சிலர் பார்க்க வந்தார்கள். முன்னாடியே சீட்டுகளைக் கழற்றி ஒளித்துவிட்டு, "நானே கண்டுபுடிச்ச ரகமுங்க, டெல்லியில இருந்தே கேக்கறாங்க" என்றேன். போனபின் குத்துமதிப்பாகத் திரும்பக் கட்டினேன். என் கண் தராசு மாதிரி. பாதியாவது சரியாக இருக்கும்.

சாயங்காலம் கோகிலா போன் செய்தாள்.

"மாமா, சீட்டெல்லாம் பத்திரமா? அதை வெச்சுத்தான் எனக்கு டாக்டர் பட்டமே."

"நானிருக்கையில என்ன சாமி?"

"நாளைக்குக் கணக்கெடுக்க வாரேன். ஆய்வேட்டுல மொத நன்றி உங்களுக்குத்தான்."

என் பெயரை எடுத்துவிடு என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பாள்.