பதினேழாவது கேள்வி

அன்புள்ள உனக்கு,

திட்டிக்கொண்டாவது உறையைப் பிரித்திருப்பாய். நவீனமயமாதல் கோட்பாடு எப்படிப் பிறந்தது, எப்படிச் சரிந்தது என்று ஒரு வரலாறு எழுதிக்கொண்டிருக்கிறேன். எல்லாச் சமூகமும் ஒரே ஏணியில்தான் ஏறும் என்று சமூகவியல்காரர்கள் நாங்கள் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னோமே, அவ்வளவு நிச்சயம் எங்களுக்கு எங்கிருந்து வந்தது? அதுதான் என்னைக் குடைகிறது.

பழைய ஆய்வுப் படிவங்களைக் கிளறியபோது உன்னுடையது அகப்பட்டது. நீ ஆபரேட்டராக வேலை பார்த்த தொலைபேசி நிலையத்தில் உன்னைப் பேட்டி எடுத்தேனே, நாம் முதன்முதலில் பேசிய நாள், அது.

“வேறு நாட்டில் வாழ்வதென்றால் எங்கே வாழ்வீர்கள்?” பதினேழாவது கேள்வி. ஏதாவது நாட்டைச் சொன்னால் நவீன மனம், ஒரு மதிப்பெண். சொல்லாவிட்டால் பழமை, பூஜ்யம். உனக்குப் பூஜ்யம் போட்டிருக்கிறேன். பிற்பாடு நாம் நெருங்கிப் பழகி, என் வெளிநாட்டு வேலைக்கு நீ கூட வர மறுத்துப் பிரிந்தபோதும் மனசுக்குள் அதையேதான் போட்டேன்.

ஆனால் ஓரத்தில், என் கையெழுத்திலேயே, உன் முழுப் பதிலும் இருக்கிறது: “எங்கயும் போக மாட்டேன் சார். இங்கயே மாத்த வேண்டியது மலையா கெடக்கு. சூப்பர்வைசர் வேலைக்குப் பொம்பளைங்கள எடுக்க மாட்டேங்கறாங்க, மொதல்ல அதக் கேக்கணும்.”

அந்த நாற்காலியில் நீயே உட்கார்ந்துவிட்டாய் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அதற்குக் கீழே இன்னொரு வரி: “சரி, நீங்க எங்க இருக்க ஆசைப்படறீங்க?” கேட்கிறவன் பதில் சொல்ல அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. சிரித்து மழுப்பியிருப்பேன்.

முப்பது வருஷம் தாமதம்தான். பதில் சொல்கிறேன்: நீ இருக்கிற வீட்டில்.

மதிப்பெண்ணை நீயே போடு.

இப்படிக்கு,
உன்னைப் பேட்டி எடுத்தவன்