விரிசல் விட்ட பிக்கப்

காவியா அப்பாவுக்கு,

களி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. கீரைக் குழம்பைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள். இன்று உங்கள் முகத்தைப் பார்த்துப் பரிமாற எனக்குப் பிடிக்கவில்லை.

நம் ஜெனரேட்டர் டிரெய்லரை இழுக்க நீங்கள் பேசி வைத்த பிக்கப்பை மூக்கண்டப்பள்ளி மெக்கானிக்கிடம் காட்டினேன். அடியில் படுத்துப் பார்த்தவர், "கொக்கி மாட்டுற எடத்துல சேசிஸே விரிசல் விட்டுக் கெடக்குதும்மா. பெயின்ட் அடிச்சு மறைச்சிருக்காங்க. உங்க வூட்டுக்காரர்கிட்ட நேத்தே சொன்னனே" என்றார்.

அதைக் கேட்ட பிறகும் என்னிடம் "வண்டி கல்லு மாதிரி இருக்குது" என்றீர்கள். விற்கிறவர் உங்கள் சிநேகிதர், சரி. ஓட்டப் போகிறவன் என் தம்பி பாலாஜி. சூளகிரி இறக்கத்தில் இரண்டு டன் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளினால் அவன் என்ன ஆவான்?

அந்த வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாலாஜியோடு கிருஷ்ணகிரிக்குப் போகிறேன். டிரெய்லரை மாட்டி, மேட்டில் ஏற்றிப் பார்த்துத்தான் வேறு வண்டி எடுப்பேன்.

சுசித்ரா

தண்ணீர் லாரி வந்தால் தொட்டியை நிரப்புங்கள்.

தம்பிக்கு இன்னும் எதுவும் தெரியாது. "மாமா பாத்த வண்டிய ஏங்க்கா வேணாங்கற?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். நீங்களே அவனிடம் சொல்லுங்கள்.