பிடுங்கிய எருக்கு

ஐப்பசி, சனிக்கிழமை இரவு

இன்று பள்ளித் தோட்டத்தில் பெற்றோர் வேலை நாள். கவின்யாவின் அப்பா செந்திலுக்குக் களை எடுக்கும் வேலையைக் கொடுத்தேன். விவசாயி, கொஞ்ச நேரத்தில் பாத்தியைத் துடைத்து வைத்துவிட்டார், வேலியோரத்து எருக்கையும் சேர்த்து. அதிலிருந்த பட்டாம்பூச்சிப் புழுக்களைப் பிள்ளைகள் தினமும் பார்த்து வரைந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

பிள்ளைகள் பிடுங்கிய செடியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஓடிப்போய்ச் சமாதானம் சொல்ல வாய் துறுதுறுத்தது. மாண்டிசோரி முறையில் பிள்ளைகள் அவர்களே வழி தேடட்டும் என்று விடவேண்டும் என ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுகிறவள் நான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஐந்து வயதுக் கவின்யாதான் எழுந்து போனாள். "இதுக வேற தழை திங்காதுங்கப்பா."

செந்தில் கையில் ஒட்டிய எருக்கம்பாலைப் பார்த்தார். "எருக்கைக் கண்டாப் பிடுங்கித்தானுங்க டீச்சர் பழக்கம்," என்றார். உடனே வண்டியை எடுத்துக்கொண்டு தன் ஊர் கோபாலபுரம் பக்கம் போய்விட்டார். கோபம் என்றே நினைத்தேன்.

அரை மணி நேரத்தில் வேரும் மண்ணுமாக ஒரு எருக்கோடு திரும்பினார். அவர் வயல் வரப்பில் நின்றதாம். பிள்ளைகள் குழி தோண்டி நட்டு, புழுக்களை இலையோடு ஒவ்வொன்றாக மாற்றினார்கள். வேர் பிடிக்குமோ என்னவோ.

கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏனுங்க டீச்சர், இதுக்குத் தினம் தண்ணி ஊத்தோணுங்களா? எனக்கு எருக்கைக் கொல்லத்தானுங்க தெரியும்."